பிள்ளையின் மூக்கடைப்பும் நம் கடமையும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளம் பேசும் மேடையில் இன்று கைப்பிள்ளைகளின் மூக்கடைப்பைப் பேச வந்துள்ளோம். சிரிக்க வேண்டாம். இரவெல்லாம் பிள்ளை மூக்கடைத்து அழுதால், விடியுமுன் மரம் சீவப் போகிறவருக்கு ஏது தூக்கம்?

படுத்தால் மூக்கின் உட்சதை வீங்கும். சளியும் தொண்டைக்கு இறங்கித் தேங்கும். ஆகவேதான் பகலில் ஓடியாடும் பிள்ளை இரவில் துன்பப்படுகிறது. பெரும்பாலும் இது சாதாரணத் தடுமனே. பத்து நாளில் தணியும்.

கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி மூக்கில் தடவியவர்கள்தாம் நாமும். அது தவறு. கற்பூரம் உடலில் சேர்ந்தால் பிள்ளைக்கு வலிப்பே வரலாம். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கற்பூரத் தைலம் வேண்டவே வேண்டாம். பெரியவர்களின் இருமல் மருந்தும் ஆகாது. மருந்துக்கடை உப்புநீர்ச் சொட்டை ஓரிரு துளி விட்டு, இளகிய சளியைத் துடையுங்கள். பாலை அடிக்கடி கொடுங்கள். கொசுவர்த்தி, சுருட்டு, அடுப்பு இவற்றின் புகை படுக்கையை அண்டவிடாதீர்கள்.

நெஞ்சு உள்வாங்கினாலும், உதடு நீலம் பாரித்தாலும், ஒரு வயது தாண்டிய பிள்ளை அமைதியாயிருக்கும்போதே நிமிடத்துக்கு 40 தடவைக்குக் குறையாமல் மூச்சு வாங்கினாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பெரட்டைப் பாராதீர்கள்.

கிராணிமார்களாகிய நமக்கும் ஒரு சொல்: செக்ரோலில் ‘வரவில்லை’ என்று எழுதுமுன், அந்தத் தாய் ஏன் வரவில்லை என்று கேட்போம். அதுவும் சங்க வேலைதான்.