பிள்ளைகள் பாடசாலையும் பொதுப்பணமும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் பாடசாலையின் ஆண்டு விழா நெருங்குவதால் அதனைக் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு காரியதரிசி அவர்கள் அடியேனைப் பணித்தார்கள். இம்முறை எவ்வளவு பொருள் திரட்டலாம் என்பதையே கூறுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அடியேன் பேசக் கருதியதோ, அப்பொருள் யாருடைய கையினின்றும், எவ்வாறு, யார் முன்னிலையில் வந்து சேர்கின்றது என்பதையே.

விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலையின் வரலாறு நம்மவருட் பலர் கேட்டறிந்ததே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய அக்கல்விக்கூடத்தை அவ்வூர் நாடார் பெருமக்கள் இரண்டு வழிகளால் வளர்த்தனர். ஒன்று மகமை, அஃதாவது, வியாபாரத்தில் ஒரு சிறு பகுதியைப் பொதுவுக்கென எடுத்துவைத்தல். மற்றொன்று பிடியரிசி. உலையிலிட அரிசி எடுக்குந்தோறும் ஒரு பிடியை வேறாகக் கலயத்தில் இட்டுவைப்பர். சேர்ந்ததைத் திரட்டி விற்றுப் பாடசாலைக்கு ஆக்குவர். மகமை ஆடவர் கடையிலிருந்து தந்தது. பிடியரிசி பெண்டிர் அடுக்களையிலிருந்து தந்தது. இவ்விரண்டாவதில் ஒரு நுட்பம் உண்டு. கலயத்து அரிசி மூட்டையிற் சேர்ந்தபின், இன்ன பிடி இன்ன வீட்டது என்று யாராற் பிரித்துக் கூற முடியும்? மாடிவீட்டுப் பிடியும் கூரைவீட்டுப் பிடியும் ஒன்றாய்விடுகின்றன. கொடுத்தவர்க்குப் பெருமையுமில்லை, குறைந்தவர்க்கு நாணமுமில்லை.

அவ்வித்தியாசாலையிற் பயின்றவரே காமராசர் (1903–1975). அவருடைய இளமை பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளைகள் தலைக்குக் காசு கொடுத்தனராம். பிரசாதம் வழங்கும்போது முண்டியடித்தவர்க்கு மிகுதியாகவும், ஒதுங்கி நின்ற சிறுவராகிய அவர்க்குச் சிறிதளவாகவும் கிடைத்ததாம். வீட்டில் ஏன் என்று கேட்டதற்கு, எல்லாரும் ஒரேயளவு காசு கொடுத்திருக்கும்போது எல்லார்க்கும் ஒரேயளவாகப் பங்கிடுவது வாத்தியார் கடமையன்றோ என்றாராம். வாத்தியாராகிய அடியேனுக்கு இதனை நினைக்குந்தோறும் சுருக்கென்று தைக்கும்.

நிற்க. அவர் முதலமைச்சராயிருந்தபோது 1956இல் பள்ளிகளிற் பகலுணவுத் திட்டம் தொடங்கிற்று. முதலில் ஊரார் தந்த நெல்லும் காய்கறியும் விறகுமே அதற்கு முதலாயிருந்தன. பின்னரே அரசாங்கம் செலவிற் பெரும்பங்கை ஏற்றது. கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் 1958 தொடங்கி ஊர்தோறும் நடத்துவித்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இத்தகையனவே. பலகை, மணி, கடிகாரம், சுற்றுச்சுவர், கிணறு என்று பள்ளிக்கு வேண்டுவன இவையென முதலில் எழுதி வைப்பர். ஊரார் அவற்றுள் இயன்றதை ஏற்பர். இங்ஙனம் தேவையை முன்வைத்துப் பின்னர்ப் பொருளை நாடுவது முறை. நாமோ முதலில் வசூலித்துவிட்டு, பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பொன்னாடைக்கும் போக எஞ்சியது யாது என்று பின்னர்ப் பார்க்கின்றோம். எஞ்சுவது பெரும்பாலும் பந்தற்காரரின் பாக்கிச் சீட்டே.

இக்காலத்திலும் நல்ல வழக்கம் ஒன்று நம் நாட்டுப்புறங்களிற் பரவியிருக்கின்றது. கல்விச் சீர் என்பது அதன் பெயர். தாய்மாமன் வீட்டார் சீர் கொண்டு செல்வதுபோலவே ஊரார் தாம்பாளங்களிற் பொருள்களை ஏந்தி, மேளதாளத்துடன் தெருவழியே நடந்து அரசுப் பள்ளிக்குச் செல்கின்றனர். வாயிலில் ஆசிரியரும் பிள்ளைகளும் சந்தனம் கொடுத்து வரவேற்கின்றனர். இதனை ஒரு சிற்றூரில் அடியேன் நேரே கண்டேன். பீரோவைச் சிறிய வண்டியில் ஏற்றி மாலை சூட்டியிருந்தார்கள். மின்விசிறி, நாற்காலி, குடம், சுவர்க் கடிகாரம், எழுதுகோற் கட்டுகள் எல்லாம் பின்னே வந்தன. வரிசையின் கடைசியில் ஒரு மூதாட்டி இரண்டு துடைப்பங்களையும் ஒரு முறத்தையும் மஞ்சள் தடவிக் கொண்டுவந்தாள். தலைமையாசிரியை அம்மையார் பீரோவை வாங்கியபோது எவ்வாறு இரு கையும் நீட்டினாரோ அவ்வாறே துடைப்பத்துக்கும் நீட்டினார். சீர் என்ற சொல்லை அங்கே ஆண்டவர் எவரோ, தமிழறிந்தவர். நன்கொடை என்றால் கொடுப்போன் மேலும் பெறுவோன் கீழும் ஆவர்; சீர் என்றால் உறவு முறையாகிவிடுகின்றது.

இனி அடியேனது குற்றம் ஒன்றையும் இச்சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பாடசாலையில் ஆண்டு விழாவுக்கெனப் பிள்ளைகளிடம் ரசீதுப் புத்தகங்கள் கொடுத்தனுப்பினோம். அதிகம் கொண்டுவருபவனுக்குப் பரிசும் அறிவித்தோம். நாள்தோறும் காலையில் யார் எவ்வளவு என்று வகுப்பில் உரக்கப் படிப்பது என் வேலை. ஒரு பையன் பெயருக்கு நேரே ஆறு நாளும் ஒன்றுமில்லை என்றே படித்தேன். ஏழாம் நாள் அவன் வரவில்லை. விழாவில் அவனுக்குச் சேரமன்னன் வேடம். வெண்பாக்களை அவன்போல் இசையுடன் சொல்பவர் அவ்வகுப்பில் இல்லை. விழா முடிந்து மூன்றாம் நாள் அவன் வீடு தேடிச் சென்றேன். அவன் தந்தையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பிக்குக் காய்ச்சல் ஐயா" என்று மட்டும் சொல்லித் திண்ணையைத் துடைத்து அமரச் செய்தார். பையன் கதவின் பின்னே நின்றான். காய்ச்சல் ஒன்றுமில்லை என்பதை நாங்கள் மூவரும் அறிவோம். அவன் பின்னர்ப் பள்ளிக்கு வந்தான். ஆனால் என் வகுப்பில் உரக்கப் பாட்டுச் சொல்லவேயில்லை.

ஆதலின் நம் விழாவுக்குப் பிள்ளைகள் கையில் ரசீதுப் புத்தகமோ குலுக்கற் சீட்டோ கொடுத்தல் கூடாது என்று அடியேன் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வேண்டுமாயின் நாம் போவோம், நமக்குக் காலில்லையா? மேடையிற் பெயர்களை மட்டும் படிக்கலாம். தொகைகளைப் படிக்க வேண்டா. கல்வி உரிமைச் சட்டம் 2009ஆம் ஆண்டிலேயே, பிள்ளையைச் சேர்ப்பதற்கு நன்கொடை வாங்குதலைத் தடுத்துவிட்டது. விழாக் காசைக் கட்டாயமாக்குவது அதனினும் வேறு என்று வாதிக்கலாம். பிள்ளைக்கு அவ்வேறுபாடு தெரியாது.

"இக்காலத்தில் பிடியரிசி யார் தருவார்? கூட்டுறவுக் கடையிலேயே அரிசி விலையின்றிக் கிடைக்கின்றதே" என்று முன்வரிசையில் ஓர் அன்பர் முறுவலிக்கின்றார். உண்மையே. அரிசி வேண்டா, சமையலறையில் ஒரு மண் உண்டியல் போதும். நாள் ஒன்றுக்கு ஒரு ரூபாய் இட்டால் ஒரு வீட்டுக்கு ஆண்டில் 365 ரூபாய். நூறு வீடுகள் சேர்ந்தால் 36,500 ரூபாய். இது பெரும்பொருளன்று, எனினும் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் இது போதும் என்று கொத்தனாரைக் கேட்டே சொல்கிறேன். உண்டியல்களை விழாவன்று ஒரே அண்டாவிற் கொட்டி, எல்லார் கண்முன்னும் எண்ணுவோம்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். சென்ற ஆண்டு விழாவின் வரவு செலவு இன்னும் பாடசாலைச் சுவரில் ஒட்டப்படவில்லை. யார்மீதும் ஐயங்கொண்டு இதனைக் கூறுகின்றேனல்லேன். கணக்கு எழுதி முடிந்தே இருக்கின்றதென்று பொருளாளர் அவர்களே என்னிடம் சொன்னார்கள். அதைப் பெரிய எழுத்திற் படியெடுத்துத்தர அடியேன் சித்தமாயிருக்கிறேன். உண்டியல் வாங்குமுன் அது சுவரேறிவிட்டால், வீடுவீடாகச் செல்லும்போது எங்களுக்குப் பேசுவதற்கு வாய் இருக்கும்.