இல்லத்தில் ஓர் அரங்கேற்றம்



நான் ஆசிரியப் பணியில் இருந்த நாளில் மாணவர்களிடம் அடிக்கடி கண்ட பொருள் ஒன்று உண்டு. பழுப்புத்தாள் உறையிட்டு, மேலே ‘கணக்கு’ என்று எழுதப்பட்ட நோட்டுப் புத்தகம். திறந்து பார்த்தால் உள்ளே கணக்கு இராது. கவிதை இருக்கும், அல்லது கதை இருக்கும். பெற்றோர் கண்ணுக்குத் தப்புவதற்காகப் போட்ட வேடம் அது. இன்றைய இளைஞரோ முகமறியாதார் ஆயிரவர்க்குக் கைப்பேசி வழியே தம் எழுத்தைக் காட்டத் துணிகின்றனர். அடுத்த அறையில் இருக்கும் அன்னைக்குக் காட்ட மட்டும் அஞ்சுகின்றனர். இந்த அச்சம் ஏன் வருகிறது?

அயலார் நம் எழுத்தில் பிழை காண்பர், அவ்வளவே. வீட்டாரோ அதில் நம்மைக் காண்பர், தம்மையும் தேடுவர். ‘கதையில் வரும் கோபக்காரத் தந்தை நான்தானோ?’ என்று தந்தை எண்ணிவிட்டால் என் செய்வது? அச்சத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆகவே இது கோழைத்தனம் அன்று. அன்பு உள்ள இடத்தில் பிறக்கும் கூச்சம்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். நூலின் பாயிரத்தில் கூற வேண்டிய எட்டுச் செய்திகளுள் ‘கேட்போர்’ என்பதனையும் ஒன்றாக வைத்தது நன்னூல். தொல்காப்பியத்தைக் கேட்டவர் அதங்கோட்டாசான் என்பதை அந்நூலின் பாயிரமே பதிவு செய்திருக்கிறது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காஞ்சியில், குமரகோட்டத்தில் கச்சியப்பர் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, முதற்சொல்லின் புணர்ச்சியிலேயே தடை எழுந்தது என்பர். தடை எழுந்தும் நூல் நின்றது. கேட்போர் இல்லாமல் நூல் நிறைவு பெறாது என்பதே இவற்றால் நாம் பெறும் பாடம்.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றும் கூறுகிறேன். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1901-இல் பிறந்தவர். ஆறு வயது நிறைவதற்கு முன்பே மணம் செய்விக்கப்பட்டவர். குழந்தைகளைச் சுற்றி அமர்த்திக் கதை சொல்வதில் வல்லவர். ஆனால் தாமே எழுதும் பயிற்சி அப்போது அவருக்கு இல்லை. ஆகையால் தம் முதற்படைப்பாகிய ‘இந்திர மோகனா’ என்னும் நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். கணவர் பார்த்தசாரதி துணை நின்றார். 1924-இல் நாடகம் அச்சேறியது. அடுத்த ஆண்டே ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கிய அவர், 1960-இல் மறைவதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களைப் படைத்தார். எழுதத் தெரிந்தவர் எழுதியதை ஒளிக்கலாம். அவருக்கோ ஒளிக்க வழியே இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் பிறக்கும்போதே அன்புடையார் ஒருவர் காதில் விழுந்தது. குறை என்று நாம் கருதுவதே அவருக்குத் துணையாயிற்று.

இனி, நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். மாமல்லபுரத்தை அடுத்த கடலோரப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றியபோது, மீனவர் குடியைச் சேர்ந்த மாணவன் ஒருவன், கூடை சுமந்து மீன் விற்கும் தன் தாயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தந்தான். படித்து நெகிழ்ந்தேன். பள்ளி விழாவில், பெற்றோர் கூடியிருந்த அவையில், அவனைக் கேளாமலே அதனைப் படித்துவிட்டேன். அவை கைதட்டியது; அவன் தலை குனிந்தான். நல்லவேளையாக அன்று அவன் தாய் வரவில்லை. அதன் பிறகு பல திங்கள் அவன் எனக்கு ஒரு வரியும் காட்டவில்லை. எழுத்தை வெளியிடும் உரிமை எழுதியவனுக்கே உரியது என்பதை, ஆசிரியப் பயிற்சியில் கல்லாத நான் அவனிடம் கற்றேன்.

கோடை விடுமுறை கழிந்து அவனே என்னைத் தேடி வந்தான். “ஐயா, அம்மாவுக்கு நானே படித்துக் காட்டினேன்” என்றான். அந்த அம்மையாருக்கு எழுத்து வாசனை இல்லை. முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதானாம்: “நான் என்றைக்கடா வஞ்சிரம் விற்றேன்? வஞ்சிரத்தை ஏலத்திலேயே பெரிய வியாபாரிகள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். என் கூடையில் இருந்தது நெத்திலியும் காரப்பொடியும்தான். அதையே எழுது.”

தாயின் கூடையில் விலை உயர்ந்த மீனை இட்டு நிரப்பியது அவன் வெட்கம். அந்த வெட்கத்தை நானும் கண்டுகொள்ளவில்லை. கைதட்டிய அவையும் கண்டுகொள்ளவில்லை. தாய் கண்டார், கடிந்துகொள்ளாமல் திருத்தினார். திருத்திய கட்டுரையை மீண்டும் படித்தேன். முன்னதில் அழகு இருந்தது. பின்னதில் உண்மை இருந்தது.

மாணவ மணிகளே, எழுதியதை எல்லாம் எல்லார்க்கும் காட்ட வேண்டும் என்று நான் கூறவில்லை. மனத்தின் ஆறாத புண்ணைப் பற்றி எழுதியது சில காலம் பெட்டியில் உறங்கட்டும். மற்றவற்றுள் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியோ, தமக்கையோ, தந்தையோ, ஒருவரை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். வேலை ஓய்ந்த வேளை பார்த்து அருகில் அமர்ந்து, வாய்விட்டுப் படியுங்கள். முடித்ததும் “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள், அன்புடையார் ‘ஆம்’ என்றே சொல்லிவிடுவர். “இது இப்படித்தான் நடந்ததா?” என்று கேளுங்கள். அப்போது அவர்கள் தாமும் பேசத் தொடங்குவார்கள். நீங்கள் அறியாத பழங்கதை ஒன்று வெளிப்படும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை படிக்கும்போது குறுக்கே பேசாதீர்கள், நகையாடாதீர்கள், பெருமிதம் மேலிட்டு உறவினரை உடனே அழைக்கவும் வேண்டா. கேட்டிருங்கள், அதுவே போதும்.

‘கணக்கு’ என்று பெயரிட்ட அந்த நோட்டை இன்றிரவு எடுங்கள். உங்கள் நூலுக்கு முதற்கேட்போர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.