கோடையில் உடைந்த கரை



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் கட்டடம், பாலம், சாலை என்று கண்ணுக்குத் தெரியும் வேலைகளுக்குப் போகப் போகிறீர்கள். நான் அவற்றுக்கு அடியில் இருக்கும் மண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நெதர்லாந்தில் வில்னிஸ் என்று ஒரு சிற்றூர். 2003 ஆகஸ்ட் 26, விடியலுக்கு வெகு முன்பே, ஊரை ஒட்டிய கால்வாயின் கரை சுமார் 60 மீட்டர் நீளத்துக்கு அப்படியே பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது. கால்வாய்த் தண்ணீர் தெருக்களில் இறங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. அன்று மழையும் இல்லை, புயலும் இல்லை. ஐரோப்பாவையே வாட்டியெடுத்த கோடை அது.

அந்த நாட்டுக்குக் கரை உடைவது புதிதல்ல. 1953 பிப்ரவரியில் கடல் கரைகளை உடைத்துக்கொண்டு வந்தபோது 1,836 பேர் இறந்தார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் செலவிட்டுக் கடலுக்கு எதிராக மாபெரும் தடுப்புகளைக் கட்டினார்கள். கவனமெல்லாம் உயரும் தண்ணீர்மீது இருந்தது. உள்நாட்டில் ஒரு சிறு கால்வாயின் கரை வெயிலில் உடையும் என்பது யாருடைய கணக்கிலும் இல்லை.

நடந்தது இதுதான். அந்தக் கரை பீட் மண்ணால் ஆனது. செடிகொடிகள் மக்கிச் சேர்ந்த மண் அது. அதன் எடையில் பெரும்பங்கு தண்ணீர். வாரக்கணக்கில் காய்ந்ததும் கரையின் எடை குறைந்தது. ஆனால் அடியில் இருந்த மணல் அடுக்கில் நீரழுத்தம் குறையவில்லை; அது கீழிருந்து தூக்கியது. கால்வாய்த் தண்ணீர் பக்கத்திலிருந்து தள்ளியது. சுமை இறக்கிய படகு போல லேசாகிப்போன கரைக்குத் தரையைப் பற்றி நிற்கும் பிடிப்பு போய்விட்டது. 1925-இல் மண் இயக்கவியலாளர் டெர்சாகி வியன்னாவில் வெளியிட்ட நூலிலிருந்து நாம் படித்து வரும் அதே பயனுறு தகைவுதான், அதாவது மொத்த அழுத்தத்தில் நீரழுத்தம் போக மண் தாங்கும் பங்கு. நீங்கள் மூன்றாம் ஆண்டில் கணக்குப் போட்ட பாடம். கோட்பாடு கையில் இருந்தது. கோடையில் அதைப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது வறண்ட கோடைகளில் நெதர்லாந்தின் நீர் வாரிய ஊழியர்கள் பீட் கரைகளின்மேல் நடந்து விரிசல் தேடுகிறார்கள். 2018 வறட்சியில் கரைகளுக்குத் தண்ணீரும் தெளித்தார்கள். நம் காவிரி டெல்டாவில் வாய்க்கால் கரையோடு நடந்து எங்கே கசிகிறது, எங்கே இளகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் லஸ்கர்களின் அறிவும் இதே வகையைச் சேர்ந்தது. அதைக் கீழ்நிலை வேலையாக நினைக்கும் பொறியாளர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் நடந்தது வேறு மாதிரி. 2005-இல் கத்ரீனா புயலின்போது பதினேழாம் தெருக் கால்வாயின் வெள்ளச் சுவர் சரிந்தது. தண்ணீர் சுவரின் உச்சியை எட்டுவதற்கு முன்பே சரிந்தது. சுவர் சற்றே சாய, கால்வாய்ப் பக்கம் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, அதற்குள் தண்ணீர் இறங்கி அடிவரை அழுத்தியது. கீழே இருந்த இளகிய களிமண் வழுக்கிப் போனது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1985-இலேயே, அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை இத்தகைய இரும்புத் தகட்டுச் சுவரை லூசியானாவில் முழு அளவில் கட்டிச் சோதித்திருந்தது. அந்தத் தரவுகளை ஆராய்ந்தவர்கள் இடைவெளி விழக்கூடும் என்று எழுதியும் இருந்தார்கள். அது சுவரை வடிவமைத்தவர்களின் கணக்கில் சேரவில்லை. வில்னிஸைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

கண்டறிந்தவரிடமிருந்து கட்டுபவரிடம் அறிவு போய்ச் சேர்ந்த கதையும் நம் ஊரிலேயே இருக்கிறது. ஆழம் காண முடியாத ஆற்று மணலில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்பதைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் வெளிப்படையாக எழுதினார். மணலில் போட்ட கல் அரிப்பில் இறங்கும். அதன்மேல் இன்னொரு கல், அதுவும் இறங்கும். ஒரு கட்டத்தில் அடுக்கு நிலைத்துவிடும். அந்தப் பாடம் காவிரியிலிருந்து கோதாவரியின் தவளேஸ்வரம் அணை வரை போனது.

இனி உங்கள் வேலைத்தளம். சாயில் டெஸ்ட் நடக்கும் இடத்தில் 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டி 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ வேண்டும். கடைசி 30 செ.மீ. இறங்க எத்தனை அடி விழுந்தது என்பதே அறிக்கையில் வரும் எண். கயிறு இழுக்கும் தொழிலாளிக்கு மாலையில் கை ஓய்ந்துபோகும். சம்மட்டி முழு உயரம் ஏறாமல் விழும். அடிகளின் எண்ணிக்கை கூடும். இளகிய மண் காகிதத்தில் கெட்டி மண்ணாகிவிடும். குளிரூட்டிய அறையில் அமர்ந்து அந்த அறிக்கையைப் படிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. துளையிலிருந்து திரும்பி வரும் சேற்றுநீரின் நிறம் மாறும்போது, "மண்ணு மாறுதுங்க" என்று முதலில் சொல்வதும் அந்தத் தொழிலாளிதான். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் துளை போட்டார்கள் என்றும் கேளுங்கள். மே மாதத்தில் தண்ணீரே தென்படாத மணலில், ஐப்பசி மழைக்குப் பின் நிலத்தடி நீர் அஸ்திவார மட்டத்துக்கு மேலே ஏறினால் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகலாம். பக்கத்து மனையின் அறிக்கையைத் தேதி மாற்றி உங்கள் மேசையில் வைப்பவர்களும் வருவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். வேலை தாமதமாகும், மேலிருப்பவர் கோபப்படுவார், படட்டும்.

ஆராய்ச்சிக்குப் போகிறவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வு ஆய்விதழில் வந்ததும், அதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதுங்கள். சூத்திரம் வேண்டாம். எந்த மண்ணில், எந்தப் பருவத்தில், எதைக் கவனிக்க வேண்டும் என்பது போதும். அதை நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளர் ஒருவரிடமும் கரையில் நடக்கும் லஸ்கர் ஒருவரிடமும் கொண்டுபோய்ப் படித்துக் காட்டி, எங்கே தவறு என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதிலிருந்து அடுத்த ஆய்வைத் தொடங்குங்கள்.