கூன் நிமிர



இன்றைய நற்செய்தியில் (லூக்கா 13:10-17) 18 ஆண்டுகளாகக் கூன் விழுந்திருந்த ஒரு பெண்ணை இயேசு நிமிரச் செய்கிறார். அவர் செய்த விதத்தைப் பார்க்குமுன், என்னோடு ஆம்பூரில் ஒரு லேத் பட்டறைக்கு வாருங்கள்.

தோலின் உள்பக்கச் சதையைச் சீவும் டேனரி மிஷினிலிருந்து வளைந்துபோன ஷாப்ட் ஒன்று அங்கே வந்திருந்தது. சாதா இரும்பென்றால் கவலையில்லை. இரண்டு முனையையும் தாங்கி, வளைவின் முதுகில் ஹைட்ராலிக் பிரஸ்ஸால் அழுத்தலாம். விட்டதும் கொஞ்சம் பின்வாங்கும் என்பதால் மயிரிழை கூடுதலாகவே அழுத்துவார்கள். இதுவோ மேற்பரப்பைக் கடினமாக்கிய எஃகு. எளிதில் தேயாது, ஆனால் முரட்டுத்தனமாக அழுத்தினால் சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விடும்.

மேஸ்திரி முதலில் சூடு காட்டினார். அதற்கும் அளவு உண்டு. சூடு மிஞ்சினால் கடினம் போய்விடும். பிறகு சிறிதாக ஓர் அழுத்து. ஷாப்டை உருட்டி, டயல் கேஜின் முள் எவ்வளவு ஆடுகிறதென்று பார்ப்பார். மறுபடி ஓர் அழுத்து. முதலாளி மூன்று முறை போன் செய்துவிட்டார். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றவில்லை மேஸ்திரி. தானாக ஆறட்டும் என்றார். கடைசியில் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்தார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகக் கசிந்துவிடும். ஷாப்ட் நேராகத் தெரிந்தால் மட்டும் அவருக்குப் போதவில்லை.

இனி தொழுகைக்கூடத்துக்குத் திரும்புவோம். அந்தப் பெண் எதையும் கேட்கவில்லை. இயேசுதான் பார்க்கிறார், அருகே அழைக்கிறார், விடுதலை பெற்றுவிட்டாய் என்கிறார். கை வைப்பது அதன் பிறகுதான். தொழுகைக்கூடத் தலைவர் ஓய்வுநாளைச் சொல்லிச் சினந்தபோது, கூனி என்று ஊர் கூப்பிட்டிருக்கக்கூடிய அவளை ஆபிரகாமின் மகள் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்கிறார்.

சென்ற மாதம் ஒரு தந்தை வந்தார். ஷூ கம்பெனியில் வேலை. பிளஸ் டூவில் தவறிய மகனை இடுப்பு பெல்ட்டால் அடித்திருக்கிறார். பையன் இரண்டு இரவு வேலூர் பேருந்து நிலையத்தில் கிடந்துவிட்டு வீடு திரும்பியிருந்தான். “இவனை எப்படி ஃபாதர் நேராக்குறது?” என்றார். ஷாப்ட் கதையைச் சொன்னேன். பதில் பேசாமல் போய்விட்டார்.

போன ஞாயிறு பூசை முடிந்து அவர் மனைவி வந்தார். “ரெண்டு பேரும் இன்னும் சரியாப் பேசலை ஃபாதர். ஆனா வேலை முடிஞ்சு வந்ததும், பையன் சாப்பிட்டானான்னு மொதல்ல கேக்குறார்.”