தூர் வாரும் யந்திரமும் நம் பாதுகாப்பும்



மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் நம்ம காரைக்கால் கடைமடைக்கு வந்து சேர மேலும் பல நாள் பிடிக்கும். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. வருகிற தண்ணீர் வயலில் ஏற வேண்டுமானால் வாய்க்கால் தூர் வாரியிருக்க வேண்டும். ஆகவே சித்திரை, வைகாசியில் பொக்லைனுக்கும் ஜே.சி.பி.க்கும் ஏகக் கிராக்கி. (பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். பிரெஞ்சுக்காரர் 1954-இல் போய்விட்டார்கள், பெயர் மட்டும் வேறு வழியாக நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டது!)

இந்த அவசரத்தில்தான் ஆபத்து இருக்கிறது. வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. "வந்தவுடனே மண்ணைத் தோண்டப்பா" என்று நாமே விரட்டுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். காலையில் ஒரு அரைமணி நேரம் டிரைவருக்குக் கொடுங்கள். என்ஜின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், ஹைட்ராலிக் ஆயில் மூன்றையும் அவர் பார்க்கட்டும். டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரைத் திறந்து விடட்டும். பக்கெட், கை ஆகியவற்றின் பின்களுக்கு, என்ஜினை நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி வைத்து கிரீஸ் அடிக்கட்டும். கிரீஸ் இல்லாத பின் தேய்ந்து ஆடும், பிறகு புஷ் போகும். நடு வாய்க்காலில் வண்டி படுத்துவிட்டால் நஷ்டம் யாருக்கு?

ஹைட்ராலிக் ஓஸில் கசிவு தெரிந்தால் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோவுக்கும் மேலான அழுத்தம். ஊசி முனை போன்ற துளை வழியே வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளி போலத்தான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. அப்படியே விட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், "ஆயில் பாய்ந்தது" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும்.

இனி, வேடிக்கை பார்க்கிறவர்கள். சேற்றை அள்ளும்போது விராலும் கெளுத்தியும் துள்ளும். பிள்ளைகள் பக்கெட்டுக்குக் கீழேயே ஓடும். வண்டி சுழலும்போது பின்பாரம் எந்தப் பக்கம் வருகிறது என்று டிரைவருக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே ஒரு ஆளை நிறுத்தி, கை எட்டும் தூரத்துக்கு வெளியே எல்லோரையும் விலக்கி வையுங்கள். மீன் எங்கேயும் போய்விடாது. வண்டி நின்ற பிறகு பிடித்துக் கொள்ளலாம்!

மேலே மின்கம்பி போகிறதா என்று முதலிலேயே பாருங்கள். குறைந்தது 3 மீட்டர் தள்ளியே கை இருக்கட்டும். கம்பி தாழ்ந்திருந்தால் மின்சார அலுவலகத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே வேலை. தப்பித் தவறிப் பட்டுவிட்டால் டிரைவர் இருக்கையிலேயே இருக்க வேண்டும், வெளியே உள்ளவர்கள் கிட்டே போகக்கூடாது. தீப்பிடித்தால் மட்டும் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, வண்டியைத் தொடாமல், காலைப் பிரிக்காமல் தத்தித் தத்தி விலக வேண்டும்.

கரை விஷயம் ஒன்று. நம்ம பக்கம் களிமண்ணுக்கடியில் மணல் இருக்கும் இடங்களில் கரை திடீரென்று சரியும். செயின் வண்டியைக் கரைக்குக் குறுக்காக நிறுத்தினால் பின்னுக்கு ஓட்டித் தப்பலாம். கரையோடு ஒட்டி நீளவாக்கில் நிறுத்தினால் வண்டியோடு கவிழ வேண்டியதுதான்.

கிளிஞ்சல்மேடு போலக் கடலோரத்தில் வேலை நடந்தால் இன்னொரு பாடு உண்டு. உப்புக்காற்றும் உப்புத் தண்ணீரும் இரும்பை அரிக்கும், ஒயர் முனைகளில் பச்சை பூக்கும். மாலையில் நல்ல தண்ணீரால் வண்டியைக் கழுவி, பின்களில் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை புது கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள். கழுவ இரண்டு குடம் தண்ணீர் கேட்டால் கொடுங்கள்.