புகழ் யார் பக்கம் நிற்கிறது?
(கட்சியின் கலை இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஷபானா ஆஸ்மி சிறந்த நடிகை என்று நிறுவ நாம் இங்கே கூடவில்லை. ‘அங்கூர்’, ‘அர்த்’, ‘கந்தர்’, ‘பார்’, ‘காட்மதர்’ ஆகிய படங்களுக்காக ஐந்து முறை தேசிய விருது பெற்றவருக்கு நமது சான்றிதழ் வேண்டியதில்லை. ஒரு கலைஞர் ஈட்டிய புகழ், போராடும் மக்களுக்கு எந்நிலையில் பயன்படுகிறது என்பதே நம்முன் உள்ள வினா.

1950இல் பிறந்த ஷபானாவின் தந்தை கைஃபி ஆஸ்மி, உருதுக் கவிஞர். கம்யூனிஸ்ட் கட்சியின் ஊழியர். தாய் ஷௌகத், 1943இல் பம்பாயில் உதித்த இந்திய மக்கள் நாடக மன்றமாகிய ‘இப்டா’வின் நடிகை. பல குடும்பங்கள் ஒரே குளியலறையைப் பகிர்ந்துகொண்ட ‘ரெட் ஃபிளாக் ஹால்’ என்னும் கட்சிக் கம்யூனில் அக்குழந்தை வளர்ந்தது. ஒத்திகையும் ஊர்வலமும் அதற்கு இருவேறு உலகங்களாகத் தோன்ற வழியில்லை.

புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற ஷபானா, 1974இல் ஷியாம் பெனகலின் ‘அங்கூர்’ படத்தில், நிலக்கிழாரின் மகனால் வஞ்சிக்கப்படும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் லட்சுமியாக நடித்தார். கௌதம் கோஷின் ‘பார்’ படத்தில், பீகார் கிராமத்தைவிட்டு ஓடிவந்து, கூலிக்காகப் பன்றிக் கூட்டத்தை ஆற்றின் மறுகரைக்கு ஓட்டிச் செல்லும் கர்ப்பிணியானார். இத்தகைய பெண்களின் துயரால் புகழ் பெற்றவர், அப்பெண்களுக்கே கடன்பட்டவர் அல்லவா?

1986இல் அக்கடனைத் தீர்க்கும் வேளை வந்தது. தென் பம்பாயின் சஞ்சய் காந்தி நகர்க் குடிசைகள் இடித்துத் தள்ளப்பட்டன. குடிசைவாசிகளோடும் ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனோடும் ஷபானா ஐந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார். அவர் நடித்த மிருணாள் சென்னின் ‘ஜெனசிஸ்’ அவ்வாண்டு கான் திரைப்பட விழாவுக்குத் தேர்வாகியிருந்தது. விழாவுக்குச் செல்லாமல் அவர் உண்ணாவிரதப் பந்தலில் அமர்ந்தார். முடிவில் அரசு இறங்கிவந்து கோரேகாவில் மாற்று நிலம் அளித்தது.

இது நடிகை ஈட்டித்தந்த வெற்றி என்று சொல்வது எளிது, ஆனால் பிழை. ‘நிவாரா ஹக்’ இயக்கம் அம்மக்களை முன்னரே அணிதிரட்டியிருந்தது. இடிபாடுகளுக்கிடையே கலையாமல் நின்றவர்கள் குடிசைவாசிகள். ஷபானா வந்ததால் அரசு அவர்களைப் பாராமல் இருக்க முடியவில்லை. அவ்வளவே, ஆனால் அது சிறிதன்று.

1989 ஜனவரி முதல் நாள், சாஹிபாபாத்தின் ஜண்டாபூரில் சிஐடியு வேட்பாளருக்கு ஆதரவாக வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்த சஃப்தர் ஹஷ்மி தாக்கப்பட்டார், மறுநாள் உயிர்நீத்தார். ஜனவரி 4ஆம் நாள் மொலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்திற்குத் திரும்பி, தடைப்பட்ட நாடகத்தை நிறைவு செய்தனர். அதே மாதம் தில்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில், அரசின் மேடையிலேயே, அக்கொலையைக் கண்டித்து ஷபானா அறிக்கை வாசித்தார். கண்டனம் தனித்து ஒலிக்கவில்லை. ஜண்டாபூர்த் தெருவில் எழுந்த குரல் அதன் பின்னே இருந்தது.

பின்னாளில் தொலைக்காட்சி வழியே, எச்.ஐ.வி. பாதித்த குழந்தையை அணைத்தபடி, அத்தகையோரை ஒதுக்காதீர் என்று வீடுகள்தோறும் வேண்டினார். 2000இல் ‘வாட்டர்’ படத்திற்காகத் தலையை மழித்துக்கொண்டார். வாரணாசியில் மதவெறியர்கள் படப்பிடிப்பு அரங்கைச் சிதைத்தனர். பாத்திரத்தின் பொருட்டும் அவர் விலை கொடுத்திருக்கிறார்.

ஷபானாவின் எல்லா நிலைப்பாடுகளும் நம்முடையவை அல்ல, ஆகவேண்டும் என்பதுமில்லை. கலைஞர்கள் இன்று மௌனமாகிவிட்டனர் என்று நாம் அடிக்கடி வருந்துகிறோம். ஆனால், அவர்கள் வந்து நிற்பதற்குரிய போராட்டக் களத்தை நாம் அமைத்திருக்கிறோமா? மாநாட்டுக்குக் கூட்டம் சேர்க்க நட்சத்திரத்தை நாடுவது இப்டாவின் மரபன்று. ஒத்திகைக்கு வந்த தாயின் மடியில் அமர்ந்து பார்த்த குழந்தையை உருவாக்கியதே அம்மரபு. நம் கிளை அலுவலகங்களில் மாலைதோறும் பூட்டிக்கிடக்கும் அறையை, அப்பகுதி இளைஞரின் நாடக ஒத்திகைக்குத் திறந்துவிடுவோம். அங்கிருந்து தொடங்குவோம்.