புலப்படமும் உலகப்படமும்



இவ்வெள்ளி விழாவில் பேச நாம் எடுத்துக்கொண்ட பொருள், தரையில் நாம் எடுக்கும் அளவுகளைக் கணினித் திரையிலுள்ள நிலப்படத்தில் பொருத்தும் முறையாகும். விழா மேடைக்கு இது ஏற்றதோ எனச் சிலர் ஐயுறலாம். பட்டம் பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பினும், தன் நிலத்தின் எல்லையைத் தானே கண்டறிய இயலாத சமுதாயம் பிறர் வாய்ச்சொல்லையே நம்பி நிற்க நேரும். ஆதலால் இதுவும் கல்விச் சங்கத்தின் வேலையே.

மரக்காணத்து உப்பளங்களில் உழைப்போர்க்கு இக்கணக்கு புதிதன்று. "வாய்க்காலிலிருந்து மூன்றாம் வரிசை, ஐந்தாம் பாத்தி" என்றால், விடியுமுன் இருட்டிலும் அவ்விடத்திற்குத் தவறாது சென்று நிற்பர். வாய்க்கால் தொடக்கம், வரிசை ஓர் எண், பாத்தி மற்றோர் எண். கணித நூல் ஆயத்தொலைவு என்று கூறுவது இதனையே. தட்டையான தரைக்கு இரண்டு எண்கள் போதும்.

இத்தகைய எண்களைத் திரையில் இட இலவச மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, உக்ரேன் நாட்டு அகாஃபோன்கின் என்பார் 2011இல் வெளியிட்ட லீஃப்லெட். இதில் உலகப்படத்தையும் விரிக்கலாம். உலகைப் பற்றிய கவலையின்றி, நாமே தொடக்கப்புள்ளி குறித்துக்கொள்ளும் தட்டைப் படத்தையும் விரிக்கலாம். நம் மாணவர்கள் கொடிக்கம்பத்தைச் சுழியாகக் கொண்டு, கயிறு பிடித்து அளந்து, பள்ளி மைதானத்தை இவ்வாறு வரைந்தனர். அதற்கு அதுவே போதுமானது.

ஆயின் நிலவுரிமை பற்றிய வினா எழும்போது அது போதாது. செங்கற்பட்டில் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர், நம் மக்களின் நிலையை விளக்கி 1891இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. முதல் பத்தாண்டுகள் அந்நிலத்தை விற்கலாகாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பார்க்கன்றிப் பிறர்க்கு மாற்றலாகாது என்பது நிபந்தனை. எனினும் பல நிலங்கள் கைமாறின. அவற்றை மீட்கக் காரணை மக்கள் எழுப்பிய போராட்டத்தில், 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்ததை நாடறியும். உரிமை கோரும் இடத்தில் முதலில் கேட்கப்படும் வினா, "சர்வே எண் என்ன, நிலம் எங்கே?" என்பதே. எண்ணை ஏடு சொல்லும். இடத்தைக் கல் சொல்ல வேண்டும். கல் மணலில் புதைந்துவிட்டால், அன்றிப் பிடுங்கப்பட்டுவிட்டால், யார் சொல்வது?

புலப்படம் சொல்லும். நில அளவர் இரண்டு கற்களுக்கிடையே ஒரு நேர்கோடு பிடித்து, அதன்மேல் இத்தனை தூரத்தில், செங்குத்தாக இத்தனை தூரம் விலகி ஒரு முனை என்று குறித்து வைத்துள்ளார். மீண்டும் இரண்டு எண்கள். வரிசையும் பாத்தியும் போன்றவையே. புலப்படத்தை அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம்.

இதனை உலகப்படத்தில் ஏற்றுகையில் நான்கு செய்திகளில் விழிப்பு வேண்டும்.

முதலாவது, அலகு. பழைய புலப்படங்களில் அளவு லிங்க்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க். 1000 சதுர லிங்க் ஒரு சென்ட். ஒரு லிங்க் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். அதனை மீட்டர் என்று கருதி ஏற்றினால் நீளம் ஏறத்தாழ 5 மடங்காகும். பரப்பு 25 மடங்காகும்.

இரண்டாவது, பொருத்தும் புள்ளிகள். அசையாதிருக்கும் இரண்டு கற்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை அறிந்தால், தட்டைப் படத்தை நகர்த்தித் திருப்பி அவற்றின்மேல் அமர்த்தலாம். மூன்றாவது கல் ஒன்றும் தன்னிடத்தில் பொருந்தினால்தான் வேலை சரி. இக்கணக்கை மீட்டரிலேயே செய்தல் வேண்டும். இங்கு ஒரு பாகை அட்சம் ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், ஒரு பாகை தீர்க்கமோ ஏறத்தாழ 109 கிலோமீட்டர். ஆதலால் பாகைகளை முதலில் மீட்டராக மாற்றிக்கொள்க. அதற்கு உலகை 60 மண்டலங்களாகப் பிரித்துள்ளனர். மரக்காணம் 44ஆம் மண்டலத்தின் வடபாதியில் அடங்கும்.

மூன்றாவது, எண்களின் வரிசை. லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கும். கோப்பு வகைகள் சில தீர்க்கரேகையை முதலில் கேட்கும். மரக்காணம் ஏறத்தாழ 12.2 வடக்கு, 79.95 கிழக்கு. இவற்றை மாற்றி இட்டால் நம் உப்பளம் வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவுகளின் பக்கம் போய் உறைந்து கிடக்கும்!

நான்காவது, அடிப்படை. பழைய இந்திய நிலப்படங்கள் எவரெஸ்ட் பெயரால் வழங்கும் புவியளவை அடிப்படையாகக் கொண்டவை. கைப்பேசி காட்டுவது வேறோர் அடிப்படை. மாற்றாமல் ஏற்றினால் இடம் நூறு மீட்டருக்கும் மேலாக விலகும். மேலும், திறந்த வெளியிலும் கைப்பேசி சுமார் 5 மீட்டர் பிழைபடலாம். பாத்தி வரப்புக்கு இப்பிழை பெரிது. ஆதலால் திரையில் தெரியும் கோடு சான்றாகாது. முறைப்படி மனுச் செய்து, நில அளவரைக் கொண்டு அளந்து, கல் நடுவதே சான்று.

அவ்வாறாயின் இக்கல்வியால் பயன் என்ன? நில அளவர் சங்கிலி பிடிக்கும்போது எந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறார், எந்த அளவைப் படிக்கிறார் என்று அருகில் நின்று அறிந்து கேட்க ஒருவர் வேண்டும். கல் எங்கே புதைந்திருக்கலாம் என்று சில அடிகளுக்குள் காட்ட ஒருவர் வேண்டும். நம் பாட்டன்மார் ஏட்டைப் படிக்க வழியின்றி விரல் ரேகை வைத்தனர். இன்று ஏடு நம் கைக்கே வருகிறது.

எனவே சங்கத்தார்க்கு நம் வேண்டுகோள் ஒன்று. விடுமுறை நாட்களில் உயர்வகுப்பு மாணவர்களைத் திரட்டி, நம் குடியிருப்பு, சுடுகாடு, அதற்குச் செல்லும் வழி, பட்டா நிலம் ஆகியவற்றின் புலப்படங்களைப் பெற்று, எஞ்சியுள்ள கற்களைத் தேடிக் குறித்து ஒரு தொகுப்பு ஆக்குக. கல் இருக்கும்போதே குறித்து வைத்தல் எளிது; போன பின் தேடுதல் அரிது. வாழ்க சங்கம்!